நூறிலிருந்து ஏழு ஏழாக

புதுப்பட்டினம்
12.02.2025

ஜெஸ்ஸிக்கு,

இந்தக் கடிதத்தை நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். ஒரு வேலையாகத்தான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வரும் ஜூலையில் லடாக்கில் காங் யாட்சே இரண்டு என்ற சிகரத்தில் ஏற ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். உயரம் 6,250 மீட்டர். வழிகாட்டியோடு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பனியில் ஏற வேண்டும். மூன்று நிறுவனங்களின் திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேர் ‘நூறு சதவீத வெற்றி’ என்று எழுதியிருந்தார்கள், அவர்களை அப்போதே ஒதுக்கிவிட்டேன். மூன்றாவது லேயில் உள்ள சின்ன நிறுவனம், ஸ்டான்சின் என்பவர் நடத்துகிறார். அவருடைய அட்டவணையில் இரண்டு நாட்கள் காலியாக இருந்தன. ஏன் என்று கேட்டேன். ஒன்று வானத்துக்கு, ஒன்று உடம்புக்கு என்றார். அவரிடம் போவதென்று முடிவு செய்தேன்.

அவருக்கு ஒரு நிபந்தனை உண்டு. மருத்துவச் சான்றிதழ் மட்டும் போதாதாம். நாலாயிரம் மீட்டருக்கு மேல் நம்மோடு ஏற்கெனவே இருந்த ஒருவர், அங்கே நாம் எப்படி இருந்தோம் என்று அவருக்கு நேரடியாக எழுத வேண்டும். அப்படி எனக்கு இருக்கும் ஒரே ஆள் நீதான்.

2023 ஜூனில் நடந்ததைப் பற்றி உனக்கு ஒரு கருத்து, எனக்கு ஒரு கருத்து. அதை இப்போது கிளற வேண்டாம். என் நடை, மூச்சு, தூக்கம் பற்றிப் பத்து வரி எழுதினால் போதும். முகவரியைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். போனில் பேசினால் சண்டையில் முடியும் என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

காயத்ரி


கோவளம்
20.02.2025

அடியே காயு,

இருபது மாசம் கழிச்சு எழுதறே, அதுவும் பிரின்சிபாலுக்கு லீவு லெட்டர் எழுதற மாதிரி. ‘ஜெஸ்ஸிக்கு’வாம்! ஹாஸ்டல்ல என் பாதி சோத்தத் தின்னவ நீ. முப்பது கிலோமீட்டர்ல இருந்துகினு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பறே. போஸ்ட்மேன் என்னைப் பார்த்து, “இன்னா டீச்சர், கோர்ட் நோட்டீஸா?”ன்னு கேட்டான்.

கிளற வேணாம்னு நீ சொன்னா ஆச்சா? நான் கிளறுவேன். இமாச்சல்ல, ஸ்பிட்டியில, கணவாய்க்குக் கீழ இருந்த கேம்ப். காலையில நீ டென்ட்டுக்குப் பின்னாடி போய் வாந்தி எடுத்தே. எடுத்துட்டு, பூனை மாதிரி காலால பனியத் தள்ளி மூடினே. நான் பார்த்துகினு இருந்தேன். கைடு வந்து எப்படி கீறீங்கன்னு கேட்டதுக்கு, “பர்ஃபெக்ட்”னு சொன்னே பாரு, அந்த மூஞ்சி இன்னும் எனக்கு மறக்கல. உதடு நீலமா இருந்துச்சுடி. நான் கைடு கிட்ட சொன்னேன். அவன் உன்ன கீழ அனுப்பினான்.

நீ மட்டுமா கீழ இறங்கினே? நானும்தானே வந்தேன்? எனக்கும்தானே கணவாய் போச்சு? உன் பையையும் சேர்த்துத் தூக்கிகினு ரெண்டாயிரம் அடி இறங்கினேன். நீ சண்டிகர் வரைக்கும் பஸ் ஜன்னலையே பார்த்துகினு வந்தே.

சரி, லெட்டர் எழுதறேன். ஆனா நடந்தத எழுதுவேன். மூச்சு, தூக்கம்னு நீ போட்டுக் குடுத்த சிலபஸ்ல எழுத மாட்டேன்.

ஜெஸ்ஸி


புதுப்பட்டினம்
01.03.2025

ஜெஸ்ஸி,

பூனை என்று எழுதியது தேவையில்லாதது.

உன்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. ஒரு நாளில், ஒரு மணி நேரத்தில் நடந்த ஒன்றை மட்டும் வைத்து ஓர் ஆளை எடை போட வேண்டாம் என்கிறேன். நீ அதை எழுதினால் அவர் என்னைச் சேர்க்க மாட்டார். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் வயதிலும் நான் இல்லை.

ஏன் போகிறேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். செங்கல்பட்டுக் கல்லூரியில் இருபத்து நான்கு ஆண்டுகளாக ஒரே பாடத்தை நடத்துகிறேன். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் எப்படிக் குறைகிறது என்று கரும்பலகையில் கோடு வரைகிறேன். கோட்டில் ஓர் இடத்தைத் தொட்டு, இங்கே கடல் மட்டத்தில் பாதி என்று சொல்கிறேன். நான் பார்க்காத ஒன்றை இத்தனை உறுதியாகச் சொல்கிறேனே என்று ஒரு நாள் தோன்றியது. கைக்குள் அடங்கும் பாரோமீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். அது பாதிக்குக் கீழே இறங்குவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் போகிறேன். மலை கூப்பிடுகிறது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன்.

பயிற்சி நன்றாகவே போகிறது. வாரத்தில் நான்கு நாள் விடிகாலையில் திருக்கழுக்குன்றம் மலை. ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். அக்டோபரில் ஒரு சுற்றுக்கே மூச்சு வாங்கியது. இப்போது பத்து லிட்டர் தண்ணீரை முதுகில் சுமந்துகொண்டு நான்கு சுற்று. அடிவாரத்தில் செருப்புப் பார்த்துக்கொள்ளும் பூவாயி தினமும் என்னைப் பிடித்துக்கொள்கிறாள்.

“இன்னாம்மா, சாமியக்கூட பாக்காம சும்மா ஏறி ஏறி எறங்கிகினு கீறே? அப்படி இன்னா வேண்டுதல்?”

“வேண்டுதல் இல்லம்மா, பயிற்சி.”

“தண்ணி வேற தூக்கினு போறே. மேல கொழா கீது, தெரியாதா?”

இறங்குவதற்குத் தனிப் படி இருப்பது வசதி, எதிரே யாரும் வருவதில்லை. கோயில் மலை என்பதால் வெறுங்கால்தான். உள்ளங்கால் இப்போது தோல் செருப்பு மாதிரி ஆகிவிட்டது. பூட்ஸும் வாங்கியாயிற்று. அழுக்காக வேண்டாம் என்று பெட்டியோடு பீரோ மேல் வைத்திருக்கிறேன். அதாவது எல்லாம் திட்டப்படி நடக்கிறது. உன் பத்து வரி மட்டும்தான் பாக்கி.

காயத்ரி


கோவளம்
09.03.2025

காயு,

சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு. பக்கத்து வூட்டு ஞானம்மாள் அக்கா இன்னா ஏதுன்னு ஓடி வந்துட்டாங்க.

அஞ்சு மாசமா வெறுங்கால்ல மலை ஏறினியா? பூட்ஸு பீரோ மேல தூங்குதா? ஏண்டி, அது இன்னா கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையா, நல்ல நாளுக்குன்னு பொத்திப் பொத்தி வைக்க? புது பூட்ஸப் போட்டுகினு ஆறு நாள் நடந்தா மூணாவது நாளே குதிகால் பிஞ்சிடும். அப்புறம் எங்க சிகரம்? குதிரை மேல படுத்துகினு வருவே. காத்தழுத்தம் தெரியும், கால் அழுத்தம் தெரியலையே உனக்கு. பி.டி. டீச்சர் நான் சொல்றேன், இந்த லெட்டரப் படிச்ச உடனே ஸ்டூலப் போட்டு அந்தப் பெட்டிய இறக்கு.

இன்னொண்ணு. ஸ்டான்சினுக்கு எழுதிப் போட்டுட்டேன். உன்ன கேட்டா தடுப்பேன்னு கேக்கல. இங்கிலீஷ்ல எழுதினத உனக்குத் தமிழ்ல சொல்றேன்:

“ஐயா, காயத்ரி நல்லா நடப்பா. நிதானம் தவற மாட்டா. ஒரு பொருளத் தொலைக்க மாட்டா, நேரத்துக்கு எழுந்திருப்பா. கூட வர்றவங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டா. ஆனா உடம்பு சரியில்லைன்னா சொல்லவும் மாட்டா. போன தடவ வாந்திய மறைச்சா. அதனால எப்படி கீறேன்னு அவளக் கேக்காதீங்க, நல்லாருக்கேன்னுதான் சொல்லுவா. நூறுல இருந்து ஏழு ஏழா குறைச்சுச் சொல்லச் சொல்லுங்க. பிசிக்ஸ் டீச்சர், கணக்குல தப்பு விடவே மாட்டா. தப்பு விட்டாலோ, இது இன்னா கேள்வின்னு உங்க மேல பாய்ஞ்சாலோ, அப்படியே கீழ இறக்கிடுங்க. டென்ட்டுக்குப் பின்னாடியும் ஒரு தடவ போய்ப் பாருங்க.”

இதான் எழுதினேன். திட்டறதுன்னா திட்டிக்கோ. மொதல்ல பூட்ஸ்.

ஜெஸ்ஸி


புதுப்பட்டினம்
27.03.2025

ஜெஸ்ஸி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான்கு நாள் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். ஐந்தாம் நாள் ஸ்டான்சின் கூப்பிட்டார்.

“உங்கள் தோழி எழுதியது வந்தது” என்றார். நான் தயாராகத்தான் இருந்தேன். அடுத்த ஆண்டு வேறு யாரைப் பார்க்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் சொன்னது இது: “எனக்கு வரும் கடிதங்களில் எல்லோருமே புலிகள். மேலே போன பிறகுதான் தெரியும். முதல் தடவையாகப் பயன்படுகிற ஒரு கடிதம் வந்திருக்கிறது. நீங்கள் என் கயிற்றிலேயே வருகிறீர்கள்.”

சேர்த்துக்கொண்டார். நீ எழுதியதால் சேர்க்க மாட்டார் என்று கணித்தேன், நீ எழுதியதால்தான் சேர்த்திருக்கிறார். என் கணிப்பு தவறியது என்பதைப் பதிவு செய்கிறேன். நீ செய்தது சரி என்று இதற்கு அர்த்தமில்லை.

பெட்டியை இறக்கினேன். அந்த சனிக்கிழமையே பூட்ஸைப் போட்டுக்கொண்டு சதுரங்கப்பட்டினம் கோட்டை வரை மணலில் போய்த் திரும்பினேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். இடது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயத்தை விடப் பெரியது. சமதரையில், எட்டே கிலோமீட்டரில். அதை ஊசியால் குத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது, இது லேயிலிருந்து மூன்று நாள் தள்ளி நடந்திருந்தால் என்று நினைத்தேன். அட்டவணையில் நாற்பத்தொரு வரி எழுதியிருந்தேன். பூட்ஸைக் காலில் போட்டுப் பார்ப்பது என்று ஒரு வரி இல்லை.

இப்போது கல்லூரிக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். பருத்திப் புடவைக்குக் கீழே அது எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். ஹரிப்ரியா என்ற மாணவி வெளியே வானத்தைப் பார்த்துவிட்டு, “மேம், வெள்ளம் எதுவும் வருதா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. திருக்கழுக்குன்றத்தை விட்டுவிட்டேன். கல்லூரியின் நான்கு மாடிப் படிகள்தான் இப்போது மலை.

கடைசியாக ஸ்டான்சின், அந்தத் தோழியும் வருகிறாரா என்று கேட்டார். ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். தெரியாது என்று சொன்னேன். கேட்டதை உனக்குச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

காயத்ரி


கோவளம்
10.04.2025

காயு,

இதுக்கு முன்னாடி ரெண்டு லெட்டர் எழுதிக் கிழிச்சுட்டேன். அதான் லேட்டு.

நான் வர முடியாது. வலது முட்டியில ஜவ்வு கிழிஞ்சு கீது. செங்கல்பட்டுல ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், படி இறங்கறதையே குறைச்சுக்கோம்மா, பாரம் தூக்கவே கூடாதுன்னுட்டார். ஸ்கூல்ல இப்போ விசில் மட்டும்தான் ஊதறேன், ஓடறது கிடையாது.

எப்போ கிழிஞ்சுதுன்னு கேப்பே. ஸ்பிட்டியில இறங்கும்போதுதான். கல்லு சரிஞ்சு கால் மடங்கிச்சு. முதுகுல என் பை, முன்னால உன் பை, நிக்க முடியல. நீ முன்னாடி போய்கினு இருந்தே, திரும்பிப் பார்க்கல. கைடு பார்த்துட்டு, “கால் ஓகேவா மேடம்?”னு கேட்டான். ஓகேன்னேன். ரெண்டு நாள் வீக்கத்தோட பஸ்ல உக்காந்து வந்தேன். நீ ஜன்னலப் பார்த்தே, நான் முட்டியப் பார்த்தேன்.

சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். ஆனா ஸ்டான்சினுக்கு எழுதும்போது, மறைச்சா மறைச்சான்னு உன்னப் பத்தி எழுதறேன், நான் மறைச்சத ஒரு வரி எழுதலையேன்னு குத்திகினே இருந்துச்சு. நீ மட்டும் பூனை இல்ல. ரெண்டு பேருமே பூனைங்கதான்.

உன் மேல பழி போட எழுதல. கேட்டே, வர முடியாததுக்குக் காரணம் சொல்லணும்ல? அதான்.

ஜெஸ்ஸி


புதுப்பட்டினம்
02.05.2025

ஜெஸ்ஸி,

கடிதம் கிடைத்தது.

சென்னையில் முழங்கால் மூட்டு மருத்துவர்கள் மூன்று பேரின் விவரங்களை இதோடு வைத்திருக்கிறேன். கல்லூரியில் உடன் வேலை செய்பவர்களிடம் விசாரித்துத்தான் எழுதியிருக்கிறேன். அறுவைச் சிகிச்சை இல்லாமலே தொடைத் தசையை வலுப்படுத்திச் சமாளிக்கலாம் என்று இரண்டு கட்டுரைகளில் படித்தேன். அவற்றின் நகலும் இருக்கிறது. முழங்காலுக்கு மாட்டும் உறையில் இரண்டு வகை உண்டு, பக்கவாட்டில் கம்பி வைத்ததுதான் உனக்குச் சரியாக இருக்கும்.

போன ஞாயிறு கோவளம் வந்தேன். உன் வீடு பூட்டியிருந்தது. பிசியோதெரபிக்குப் போயிருக்கிறாய் என்று ஞானம்மாள் சொன்னார். அரை மணி நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ஜூலைப் பயணத்தை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். இன்னும் ஸ்டான்சினிடம் சொல்லவில்லை.

காயத்ரி


கோவளம்
11.05.2025

அடியே,

விட்டுவிடலாமாம்! நீ போகலைன்னா என் ஜவ்வு ஒட்டிக்குமா? அப்புறம் எதுக்குடி நான் அந்த லெட்டர உக்காந்து யோசிச்சு யோசிச்சு எழுதினேன்? ஒழுங்கா போ. போய் உன் பாரோமீட்டரப் பார்த்துட்டு வா. பேஜாரு பண்ணாத.

குதிகாலுக்கு ஒட்டற டேப் ரெண்டு ரோல் பார்சல்ல அனுப்பறேன். கொப்புளம் வந்தப்புறம் ஒட்டறது இல்ல, காலையில பூட்ஸ் போடறதுக்கு முன்னாடியே ஒட்டணும். சாக்ஸ் ரெண்டு போடு. இறங்கும்போது விரல் இடிக்கும், நகத்த நல்லா ஒட்ட வெட்டிக்கோ.

டாக்டர் பேரு, கட்டுரை, கம்பி வச்ச உறை, எல்லாம் வந்துச்சு. அரை மணி நேரம் நின்னதையும் அக்கா சொன்னாங்க. இவ்வளவும் செஞ்சே. ஒண்ணு மட்டும் நீ கேக்கல. இன்னான்னு நான் சொல்ல மாட்டேன். உனக்கா வந்தா வரட்டும்.

ஜெஸ்ஸி


லே
28.07.2025

ஜெஸ்ஸி,

முதலில் விவரம். 25ஆம் தேதி காலை ஏழு இருபதுக்கு உச்சியில் நின்றேன். பாரோமீட்டர் 478 காட்டியது. கிளம்பிய அன்று புதுப்பட்டினம் வீட்டு மொட்டைமாடியில் 1004. பாதி என்றால் 502. அந்த இடத்தை இருட்டில், குனிந்த தலையோடு எப்போதோ தாண்டியிருக்கிறேன், எங்கே என்று எனக்குத் தெரியாது. கரும்பலகையில் விரல் வைத்துக் காட்டுவது சுலபம். குதிகால்கள் இரண்டும் முழுசாக இருக்கின்றன. டேப் ஒரு ரோல் மிச்சம்.

இனி நடந்தது. இருபத்தொன்றாம் தேதி ஐயாயிரத்து நூறு மீட்டரில் உள்ள முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலையில் ஸ்டான்சின் கூடாரத்துக்குள் தலையை நீட்டினார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை. “நூறு” என்றார், அவ்வளவுதான். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று இரண்டு வரை ஓரிடத்திலும் நிற்காமல் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். அவர் சோதனையில் நான் தேறிவிட்டேன். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

“கணக்கு சரி” என்றேன். “ஆனால் தலை வலிக்கிறது. விடிந்ததிலிருந்து. குமட்டலும் இருக்கிறது.”

அதைச் சொல்வது உச்சிக்குக் கீழே இருந்த கடைசிச் சரிவை விடக் கடினமாக இருந்தது. மிகையாகச் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் என்னை ஹங்கர் கிராமத்துக்கு இறக்கினார்கள். ஆயிரம் மீட்டர் கீழே. சாயங்காலமே வலி போய்விட்டது. மறுநாள் திரும்ப ஏறினேன். மேலே காற்று பலமாக அடித்ததால் எங்களோடு ஏற வந்திருந்த மற்ற இரண்டு பேரும் அந்த இரண்டு நாளும் முகாமிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வானத்துக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்று அவர் விட்டிருந்த இரண்டு நாட்களும் சரியாகச் செலவாயின. மறைத்திருந்தால் எனக்கு ஒரு மணி நேரம்கூட மிச்சமாகியிருக்காது, ஒருவேளை உச்சியே கிடைத்திருக்காது. ஸ்பிட்டியிலும் அப்படித்தான் இருந்திருக்கும். நீ செய்தது சரி. மார்ச்சிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இறங்கும்போது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பனி முடிந்து கல் தொடங்கும் இடத்துக்கு, குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் நம்கியால் தேநீரோடு எதிரே வந்தார். நம் வயதுக்காரர். என்னைப் பார்த்தார், கையை நீட்டினார். பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தேன். பத்தடி போயிருப்பேன். முன்னாலும் இப்படித்தான் கொடுத்துவிட்டு நடந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நின்றேன். திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், “உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். “வலது கால் நாற்பது வயசு, இடது கால் எழுபது” என்றார். பையிலிருந்து தண்ணீர் பாட்டில்களையும், பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களையும் எடுத்து நான் சுமந்துகொண்டேன். அவரை முன்னால் நடக்கச் சொன்னேன்.

இரண்டு ஆண்டு தாமதமாக, கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறொருவரிடம் கேட்டிருக்கிறேன். மருத்துவர்களின் பெயர்களை எழுதும்போதே இது என் பேனா முனையில் இருந்தது. கேட்டால், நான் செய்ததை ஒப்புக்கொண்டதாகும் என்று நிறுத்திவிட்டேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஜெஸ்ஸி, உன் கால் எப்படி இருக்கிறது?

காயு


கோவளம்
06.08.2025

காயு,

வலிக்குது. படி இறங்கினா நல்லாவே வலிக்குது. பர்ஃபெக்ட்னு சொல்ல மாட்டேன்.

ஞாயித்துக்கிழமை சங்கரா மீன் குழம்பு. வா. அந்த பாரோமீட்டரையும் எடுத்துகினு வா, எங்க வூட்டுல எவ்வளவு காட்டுதுன்னு பார்ப்போம். பூட்ஸ மட்டும் வாசல்லயே கழட்டிடு. கோயில் மலைக்குக் குடுத்த மரியாதைய என் வூட்டுக்கும் குடு.

ஜெஸ்ஸி